சூம்பின கையும் இழந்த தொழிலும்

ஓய்வுநாளில் தொழுகைக்கூடத்திலிருந்த சூம்பின கையுடைய மனிதனை ஆண்டவர் குணமாக்கிய நிகழ்ச்சியை முதல் மூன்று நற்செய்தியாளரும் எழுதியுள்ளனர். அது வலது கை என்று கூறுபவர் லூக்கா மட்டுமே. இப்பகுதியை எடுத்துப் பிரசங்கிக்கும்போதெல்லாம் ஓய்வுநாள் பற்றிய வழக்கிலேயே நம் கவனம் நின்றுவிடுகிறது. பரிசேயரைக் குறித்து அரைமணி நேரம் பேசுகிறோம். கையையுடையவனைக் குறித்து ஒரு வாக்கியமும் பேசுவதில்லை. அவன் யார், என்ன தொழில் செய்தான், வீட்டில் எத்தனை வயிறுகள் அவன் கையை நம்பியிருந்தன என்பவற்றை நற்செய்திகள் சொல்லவில்லையே என்று நாம் சமாதானம் கூறலாம்.

ஆனால் பழைய திருச்சபையில் அக்கேள்வியைக் கேட்டவர்கள் இருந்தார்கள். ஜெரோம் தமது மத்தேயு விளக்கவுரையில், நசரேயரும் எபியோனியரும் வழங்கிவந்த ஒரு நற்செய்தி நூலைக் குறிப்பிடுகிறார். அந்நூலின்படி இம்மனிதன் ஒரு கொத்தன். கைகளால் உழைத்துப் பிழைத்தவன். வெட்கத்தோடு பிச்சையெடுத்து உண்ணும் நிலை தனக்கு நேராதபடி நலம் தரவேண்டும் என்று அவன் இயேசுவிடம் கேட்டுக்கொண்டானாம். இது பழைய செய்தியா, பின்வந்தோர் சேர்த்த விளக்கமா என்பதை அறிஞர்கள் ஆராயட்டும். அதை வழங்கியவர்கள் கண்டுகொண்ட ஒன்று நமக்கு முக்கியம். கை குணமாவது ஒன்று, கொத்தன் மீண்டும் கொத்தனாவது மற்றொன்று. அவன் கேட்டது இரண்டாவதை.

வேலையில் அடிபட்ட தொழிலாளிக்குச் செய்யவேண்டியவை மூன்று: மருத்துவம், இழப்பீடு, மீண்டும் தொழில். முதலாவதற்கு மருத்துவமனைகளும் இரண்டாவதற்குச் சட்டமும் உள்ளன. மூன்றாவதையே தொழில்வழி மறுவாழ்வு என்கிறோம். பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1955இல் ஒரு பரிந்துரையாகவும், பின்பு 1983இல் 159ஆம் உடன்படிக்கையாகவும் இதற்கு வடிவம் தந்தது. ஊனமுற்றவர் தமக்கேற்ற வேலையைப் பெறவும், பெற்றதில் நிலைக்கவும், அதில் முன்னேறவும், அவ்வழியாகச் சமுதாயத்தில் மீண்டும் இணையவும் துணைசெய்வதே இதன் நோக்கம் என்று அவ்வுடன்படிக்கை கூறுகிறது. நம் சபைகளின் ஏழைகள் நிதி இந்த மூன்றாவதன் பக்கம் வருவது அரிது. ஏன் வருவதில்லை என்பதை என் சொந்தத் தவறு ஒன்றைக்கொண்டே விளக்க விரும்புகிறேன். அது சவ்வாது மலையடிவாரத்தில் நான் சபைப்பணி ஆற்றிய நாள்களில் நேர்ந்தது.

மலையிலிருந்து இறங்கும் வேலை

சவ்வாது மலை இன்று திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் ஆகிய மாவட்டங்களில் பரவிக்கிடக்கிறது. அதன் நடுவிலுள்ள ஜமுனாமரத்தூர் ஒன்றியத் தலைமையிடம். காவலூரின் வானாய்வு நிலையத்தைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். அங்கு வாழ்வோரில் மிகப் பெரும்பான்மையினர் மலையாளிகள் எனப்படும் பழங்குடியினர். பெயரைக் கேட்டுக் கேரளத்தாரோ என்று புதிய இறையியல் மாணவர்கள் மயங்குவதுண்டு. அவர்கள் பேசுவது தமிழ். தம் முன்னோர் காஞ்சிபுரத்துப் பக்கமிருந்து வந்து மலையேறினர் என்பது அவர்களிடையே வழங்கும் மரபு. சாமை விளைப்பார்கள், தேனும் புளியும் கொண்டுவந்து விற்பார்கள்.

மானாவாரிச் சாமை ஒரு குடும்பத்தை ஆண்டு முழுவதும் தாங்காது. அறுவடை முடிந்தபின் ஆண்கள் கூட்டமாக இறங்கிவிடுகிறார்கள்: கரும்பு வெட்டவும், கர்நாடகத்தின் காப்பித் தோட்டங்களுக்கும், திருப்பூருக்கும், நகரங்களில் எழும் கட்டடங்களுக்கும். இவ்வேலைகளில் பலவற்றுக்கு வருகைப் பதிவேடு இல்லை, கூலிச்சீட்டு இல்லை. மேஸ்திரியின் கைப்பேசி எண் ஒன்றுதான் சான்று. செம்மரம் வெட்டப் போனவர்களும் உண்டு. 2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திரத்தின் சேசாசலம் காட்டில் காவல்துறையினரின் துப்பாக்கிச் சூட்டில் 20 பேர் இறந்தபோது, அவர்களில் பலர் தமிழ்நாட்டு மலைப்பகுதிகளிலிருந்து கூலிக்குச் சென்றவர்கள் என்று நாடு அறிந்தது. இறந்தவர்களின் எண்ணிக்கையாவது செய்தித்தாளுக்கு வந்தது. உயிர் தப்பி, முதுகோ காலோ உடைந்து மலைக்குத் திரும்பியவர்களின் எண்ணிக்கை எந்தத் தாளுக்கும் வருவதில்லை.

அப்படித் திரும்பியவர் ஒருவரை 2017இல் கண்டேன். முப்பது வயது நிறைந்தவர். நகரத்துக் கட்டடம் ஒன்றில் சாரம் சரிந்து விழுந்ததில் இடுப்புக்குமேல் முதுகெலும்பு முறிந்து, இரு கால்களும் உணர்விழந்திருந்தன. சில வாரங்கள் மருத்துவமனையில் வைத்திருந்த பின், ஒரு வேனில் ஏற்றி ஊருக்குக் கொண்டுவந்து விட்டார்கள். கையில் 20,000 ரூபாய் கொடுத்து, இனி எங்கள்மேல் பாத்தியதை ஏதுமில்லை என்றெழுதிய முத்திரைத்தாளில் கைரேகை வாங்கிக்கொண்டார்கள். அத்தாளின் படியை அவர் மனைவி என்னிடம் காட்டினார். நான் படித்துப் பார்த்து, முடிந்துபோன காரியம் என்று மடித்துக் கொடுத்துவிட்டேன்.

அவர் நம் சபையார் அல்லர். சபைக்குழுவில் அதுபற்றி ஒரு சிறு வாதம் நடந்தது. அதை இங்கு விரிக்க வேண்டியதில்லை. இறுதியில் ஒரு சிறப்புக் காணிக்கை எடுத்து அவருக்குப் பெட்டிக்கடை ஒன்று வைத்துக்கொடுத்தோம். ஊனமுற்றவர் என்றால் பெட்டிக்கடை, விதவை என்றால் தையல் இயந்திரம்: நம் சபைகளில் இவ்விரண்டும் எழுதப்படாத வழிபாட்டு முறைமைபோல் ஆகிவிட்டன. கடையை ஜெபித்துத் திறந்துவைத்தேன், புகைப்படமும் எடுத்தோம்.

ஐந்தாம் மாதம் கடை மூடப்பட்டது. சிற்றூரில் வாங்க வருபவர்கள் அனைவரும் மாமன், மச்சான், சித்தப்பன் முறையினர். விழுந்து கிடப்பவன் கடன் மறுத்தால் அது முறைகெட்ட செயல். கொடுத்த கடனைக் கேட்பதும் அப்படியே. அதைவிடப் பெரிய தீங்கு வேறொன்று நேர்ந்தது. மரப்பலகையின்மேல் நாள் முழுதும் அசையாமல் உட்கார்ந்திருந்ததால் பிட்டத்தில் புண் தோன்றி எலும்புவரை சென்றிருந்தது. உணர்வில்லாத உடலுக்கு வலி எச்சரிக்கை தராது என்பதை நாங்கள் எண்ணிப்பார்க்கவில்லை. தண்டுவடம் அறுபட்டவர்கள் பலர் முதல் காயத்தால் இறப்பதில்லை. அழுத்தப் புண்ணாலும் சிறுநீர்த் தொற்றாலும் பின்னர் இறக்கிறார்கள். படுத்திருப்பவரை இரண்டு மணிக்கு ஒருமுறை புரட்ட வேண்டும். உட்கார்ந்திருப்பவர் அரைமணிக்குள் ஒருமுறையேனும் கைகளை ஊன்றி உடலைத் தூக்கிக்கொள்ள வேண்டும். நோயாளிகளைச் சந்திக்கச் செல்லும் போதகர் ஜெபப் புத்தகத்தோடு இதையும் அறிந்து செல்வது நலம். ஏறக்குறைய கொன்றுவிடக்கூடிய ஒரு தருமத்தை நாங்கள் செய்திருந்தோம்.

சட்டம் எண்ணுவது என்ன?

முத்திரைத்தாளைப் பற்றிய உண்மை எனக்குத் தெரியவந்தது 2020இல், ஒரு வழக்கறிஞரோடு வேறொரு காரியமாகப் பேசிக்கொண்டிருந்தபோது. விபத்து நடந்த காலத்தில் நடைமுறையிலிருந்தது 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம். அதன் 17ஆம் பிரிவின்படி, தொழிலாளி தன் இழப்பீட்டு உரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதித்தரும் எந்த ஒப்பந்தமும் செல்லாது. 12ஆம் பிரிவின்படி, ஒப்பந்தக்காரர் அமர்த்திய ஆளானாலும், யாருடைய தொழிலுக்காக வேலை நடந்ததோ அந்த முதன்மை முதலாளியிடமே இழப்பீடு கேட்கலாம். தொகையையும் சட்டமே கணக்கிட்டுத் தருகிறது. முழு நிரந்தர ஊனத்துக்கு மாதக் கூலியில் 60 விழுக்காட்டை வயதுக்குரிய ஓர் எண்ணால் பெருக்க வேண்டும். முப்பது வயதுக்கு அந்த எண் 207.98. அப்போது கணக்கில் கொள்ளத்தக்க கூலியின் உச்சவரம்பு 8,000 ரூபாய். பெருக்கிப் பார்த்தால் 9,98,304 ரூபாய் வருகிறது. அவருக்குக் கிடைத்ததோ இருபதாயிரம். முறையீடு செய்ய இரண்டாண்டுக் கெடு. தக்க காரணம் காட்டினால் அதற்குப் பின்னும் ஏற்கலாம். நான் ஓடிச்சென்று சொன்னபோது அவர் மறுத்துவிட்டார். ஒவ்வொரு வாய்தாவுக்கும் தம்மை இருவர் சுமந்து இறக்க வேண்டும், அவ்விருவரின் கூலி யார் தருவார் என்று கேட்டார். அந்தத் தாளை நான் மடித்துக்கொடுத்த நாளில் கெடு முடிய ஒன்றரை ஆண்டுக்கு மேலிருந்தது.

இன்று அச்சட்டமும் 1948ஆம் ஆண்டின் தொழிலாளர் அரசுக் காப்புறுதிச் சட்டமும் 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்தில் அடங்கிவிட்டன. அது 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ளது. ஆதலின் பழைய பிரிவு எண்களை மனப்பாடம் செய்து பயனில்லை. மாறாத ஒன்றைச் சொல்கிறேன்: 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம் பழங்குடியினருக்கும் ஊனமுற்றோருக்கும் வருமானத்தைப் பாராமல் இலவச வழக்கறிஞர் உதவியை உரிமையாக்கியுள்ளது. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே அந்த அலுவலகம் இருக்கிறது. விபத்து நடந்த நாள், இடம், கட்டட உரிமையாளர் பெயர், உடன் வேலைசெய்த இருவரின் பெயர், மருத்துவமனை விடுவிப்புச் சீட்டு ஆகியவற்றை முதல் சந்திப்பிலேயே போதகர் ஒரு தாளில் எழுதிவைத்தால் பாதி வழக்கு முடிந்தது போலாகும்.

எனினும் சட்டம் உடலையே எண்ணுகிறது. பழைய சட்டத்தின் பட்டியலில் கட்டைவிரலுக்கு 30 விழுக்காடு, சுட்டுவிரல் முழுமைக்கும் 14 விழுக்காடு என்று விலை எழுதப்பட்டிருந்தது. தபலா வாசிப்பவரின் சுட்டுவிரலும் காவலாளியின் சுட்டுவிரலும் அதில் ஒன்றே. இப்பட்டியலின் குறையை உணர்ந்து உச்சநீதிமன்றம் 1975 டிசம்பரில் ஒரு தீர்ப்பு வழங்கியது. ஒரிசாவில் திரையரங்கு ஒன்றில் அலங்கார வேலை செய்துகொண்டிருந்த தச்சர் ஒருவர் 1968இல் கீழே விழுந்து, இடக்கை முழங்கைக்கு மேல் வெட்டி எடுக்கப்பட்டது. பட்டியலின்படி இது பகுதி ஊனமே என்று முதலாளி தரப்பு வாதிட்டது. ஒரு கையால் தச்சுவேலை செய்ய இயலாது. ஆகவே தச்சர் என்ற முறையில் அவர் இழந்தது முழுமையும் என்று நீதிமன்றம் கொண்டது. இழப்பீடு விபத்து நேர்ந்த நாளிலேயே செலுத்தவேண்டிய கடனாகிறது என்றும் கூறியது. ஆண்டவர் தச்சர் எனப்பட்டதை ஆராய்ந்து தேர்வுத்தாள் எழுதும் நம் மாணவர்கள் இத்தீர்ப்பையும் ஒருமுறை படிக்கலாம். ஒருவரின் கையை அவருடைய தொழிலோடு சேர்த்துப் பார்க்கும் பார்வை அதில் இருக்கிறது.

அப்பார்வையும் பணத்தோடு நின்றுவிடுகிறது என்பதையும் சொல்லவேண்டும். ஊனமுற்ற ஊழியரை வேலையிலிருந்து நீக்கவோ பதவியிறக்கவோ கூடாது என்று 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 20ஆம் பிரிவில் விதித்திருப்பது அரசு நிறுவனங்களுக்கே. நடுவண் அரசு 1968 முதல் தொழில்வழி மறுவாழ்வு மையங்களை ஏற்படுத்தியது. சென்னைக் கிண்டியிலும் ஒன்று உண்டு. நல்ல பணிதான். ஆனால் கிண்டியில் கற்பிக்கும் தொழிலுக்கு நகரத்தில் முதலாளி இருப்பார், மலையில் இரார்.

வேலூரில் கற்றுக்கொள்ளப்பட்டது

சவ்வாது மலையின் வடபுறத்துக் கீழே, வேலூரில், நம் திருச்சபையின் மருத்துவப் பணி இக்கேள்வியை எழுபது ஆண்டுகளுக்கு முன்பே சந்தித்தது. டாக்டர் பால் பிராண்ட் 1914இல் கொல்லிமலையில், மிஷனெரிப் பெற்றோருக்குப் பிறந்தவர். அங்கும் வாழ்வோர் மலையாளிகளே. மருத்துவம் படிப்பதற்குமுன் இங்கிலாந்தில் கட்டட வேலையும் தச்சும் சில ஆண்டுகள் பயின்றார். 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து, தொழுநோயால் மடங்கிப்போன கைகளை அறுவையால் நிமிர்த்தத் தொடங்கினார். கைகள் நிமிர்ந்தன. ஆனால் நிமிர்ந்த கையோடு சென்றவர்கள் வாடிய முகத்தோடு திரும்பி வந்தார்கள். அவர்களுக்கு வேலை கொடுப்பார் இல்லை. கை நன்றாக இருந்தபடியால் முன்போலப் பிச்சையும் விழவில்லை. நலமாக்கியதே பிழைப்பைக் கெடுத்துவிட்டது.

இதற்கு மறுமொழியாகவே 1951இல் கல்லூரி வளாகத்தில் மண் குடிசைகளில் நவஜீவ நிலையம் எழுந்தது. அங்கே நோயாளிகள் தச்சு பயின்று மரப்பொம்மைகள் செய்தார்கள். தொழில் தொடங்கியவுடன் புதிய காயங்களும் தொடங்கின. தொழுநோய் தானே விரல்களைத் தின்கிறது என்று உலகம் நம்பியிருந்த காலம் அது. பிராண்டும் உடனிருந்தவர்களும் ஒவ்வொரு காயத்தையும் விசாரித்தார்கள்: சுத்தியலின் பிடி உராய்ந்தது, சூடான பாத்திரத்தைத் தொட்டது, திரும்பாத பூட்டைத் திருகியது. வலியில்லாததால் அளவுக்குமேல் அழுத்தினார்கள். அதுவே விரலை அழித்தது. எனவே கருவிகளின் பிடியைப் பருமனாக்கி, அழுத்தம் ஓரிடத்தில் குவியாதபடி செய்தார்கள். மனிதரைக் கருவிக்கேற்ப வளைக்கவில்லை. கருவியை மனிதருக்கேற்ப மாற்றினார்கள். தொழில்வழி மறுவாழ்வு என்னும் துறையை ஒரு வரியில் கேட்கும் மாணவருக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

அக்கல்லூரியின் இளம் மருத்துவராகிய மேரி வர்கீஸ் 1954இல் வண்டி விபத்தொன்றில் தண்டுவடம் முறிந்து இரு கால்களும் செயலிழந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே கை அறுவை செய்யக்கூடும் என்று பிராண்ட் அவரை ஊக்கினார். அறுவை மேசையைத் தம் உயரத்துக்குக் கொண்டுவந்து அவர் அப்பணியைச் செய்தார். பின்னர் நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பி, 1966இல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் தோன்றக் காரணமானார். 1972இல் பத்மஸ்ரீ பட்டம் பெற்றார், 1986இல் மறைந்தார். இவருடைய வாழ்வை நாம் பெரும்பாலும் விசுவாசத்தின் சான்றாகக் கூறுகிறோம், அது சரியே. ஆனால் மேசையின் உயரமும் அதில் ஒரு பகுதி என்பதை மறக்கிறோம்.

மீண்டும் மலையில்

புண் ஆற அவர் நெடுநாள் மருத்துவமனையில் இருந்தார். அங்கே தொழில் சிகிச்சை தரும் ஒரு சகோதரி, நான் ஒருபோதும் கேட்டிராத கேள்வியை அவரிடம் கேட்டார்: விழுவதற்குமுன் உங்கள் ஊரில் எதற்காக உங்களைத் தேடி வருவார்கள்? அவர் தயங்காமல், மண்வெட்டிக்கும் களைக்கொட்டுக்கும் பிடி போட, கலப்பைக்கு மேழி செதுக்க என்று விடை கூறினார். நகரத்துக்கு இறங்கியபின் சித்தாள் ஆனவர், மலையில் பாதித் தச்சர். கடைக்குப் பலகை அறுத்துக் கொடுத்தவரும் அவரே என்பது எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

ஆனால் மலையில் மரம் செதுக்குவோர் தரையில் உட்கார்ந்து, கட்டையைக் கால்களால் பிடித்துக்கொண்டு வாய்ச்சியால் கொத்துவார்கள். உணர்வற்ற காலில் வாய்ச்சி பட்டால் தெரியாது. பிராண்ட் கண்ட அதே ஆபத்து. ஆகவே கட்டையை இறுக்கிப் பிடிக்கும் கிட்டி பொருத்திய பலகை ஒன்றை அவர் நாற்காலியின் உயரத்துக்கு அவருடைய தம்பி செய்தார். தொடைகளின்மேல் விரிக்கத் தடித்த தோல் ஒன்றை வாணியம்பாடியிலிருந்து வாங்கினோம். வாய்ச்சியைக் குறைத்து உளியையும் இழைப்புளியையும் பழகினார். அரைமணிக்கொருமுறை உடலைத் தூக்கிக்கொள்ள, தலைக்குமேல் உத்தரத்தில் ஒரு கயிறு தொங்கவிடப்பட்டது. அதற்கு ஆன மொத்தச் செலவு, நாங்கள் பெட்டிக்கடைக்குச் செலவிட்டதில் மூன்றிலொரு பங்குகூட இல்லை.

எல்லாம் சீராகிவிட்டது என்று சொல்லமாட்டேன். உழவு மாடுகளின் இடத்தைச் சிறிய இயந்திரங்கள் பிடிக்கின்றன. மேழிக்கு வேலை குறைகிறது. மழைக்காலத்தில் மரம் காய்வதில்லை. மாற்றுத்திறனாளிச் சான்றைப் புதுப்பிக்க அவர் இறங்கிவர வேண்டிய நாளில் பேருந்தில் ஏற்றமாட்டோம் என்றவர்களும் உண்டு. கிடைக்கவேண்டிய பத்து இலட்சம் கிடைத்திருந்தால் அவர் மகள் பள்ளியை நிறுத்தியிருக்கமாட்டாள். அக்கணக்கு என் பெயரிலேயே இருக்கிறது.

நம் கல்லூரிகளில் மருத்துவமனை ஊழியப் பயிற்சிக்கு மாணவர்களை அனுப்புகிறோம். அவர்கள் வார்டில் ஜெபிக்கவும் ஆறுதல் கூறவும் கற்றுத் திரும்புகிறார்கள். அதில் இரண்டு வாரத்தைத் தொழில் சிகிச்சைப் பிரிவிலும், ஒரு நாளையாவது தொழிலாளர் துறை அலுவலகத்திலும் கழிக்க ஏற்பாடு செய்யவேண்டும் என்று இவ்வாண்டு ஆசிரியர் குழுவில் கேட்டிருக்கிறேன். பாடத்திட்டத்தில் இடமில்லை என்று ஒரு நண்பர் சொன்னார். எபிரெய இலக்கணத்திலிருந்து நாள்களைக் கேட்கவில்லை என்று அவருக்கு விடை கூறினேன். முடிவு இன்னும் வரவில்லை.

சென்ற மாதம் மலையிலிருந்து ஆள் வந்தது. பழைய இழைப்புளியின் அலகு தேய்ந்துவிட்டதாம்; ஜமுனாமரத்தூரில் கிடைப்பது மெல்லியது, வேலூரில் பார்த்து நல்லதாக வாங்கி அனுப்பவேண்டும் என்று சொல்லியனுப்பியிருந்தார். பணமும் கூடவே கொடுத்தனுப்பியிருந்தார்.